கடலுக்குப் பட்டா இல்லை, ஏடாவது இருக்கட்டும்

நெசவாளர்க்கும் விவசாயிகளுக்கும் உரிய இந்த இதழில் படைத்தளங்களைப் பற்றி எழுதுவானேன் என்று அங்கத்தினர் சிலர் வினவக்கூடும். படைத்தளம் வானத்தில் அமைவதன்று. எவருடைய நிலத்திலோ, எவருடைய கரையிலோதான் அது அமைகிறது. அங்கே உழுதவர் யார், நூல் உலர்த்தியவர் யார், வலை வீசியவர் யார் என்று கேட்டு, அவர்களுக்கு உரியதைக் கொடுக்க வேண்டிய பொறுப்புப் பெரும்பாலும் மாநில சர்க்காரைச் சார்ந்தது. அவ்வாறு கேட்கும்போது எடுத்துக் காட்டத்தக்க ஏடுகள் நமது சங்கங்களின் அலமாரிகளில் இருக்கின்றன. பல சங்கங்களில் இருக்க வேண்டியவை இல்லாமலும் இருக்கின்றன. இதனைத் திருவள்ளூர் மாவட்டத்துக் கடற்கரையில் உள்ள லைட்ஹவுஸ் குப்பத்தை முன்வைத்துக் கூற விரும்புகிறோம்.

பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடைப்பட்ட மணல்திட்டில், கலங்கரை விளக்கத்தின் பெயரையே தன் பெயராகக் கொண்டு நிற்கிறது இக்குப்பம். கடலை நோக்கி நின்றால் இடப்புறம் வடக்கே ஸ்ரீஹரிகோட்டா. வலப்புறம் தெற்கே காட்டுப்பள்ளி. வடக்கே ராக்கெட்டுகள் எழுகின்றன. தெற்கே போர்க்கப்பல்கள் கட்டப்படுகின்றன. நடுவில் வலைகள் காய்கின்றன.

இக்கரைக்குப் படைத்தளம் புதிதன்று. டச்சுக்காரர் 1613-இல் பழவேற்காட்டில் ஜெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டினர். சோழமண்டலக் கரையில் அவர்களது வாணிபத்துக்கு அதுவே 1690 வரை தலைமையிடம். அங்கே வெடிமருந்துச் சாலையும் இருந்தது. அக்கோட்டை எதற்காக வந்தது என்பதை நம் நெசவாள அங்கத்தினர் கவனிக்க வேண்டும்: துணிக்காக! இப்பகுதியில் நெய்த கட்டம்போட்ட துணிகளை வாங்கிக் கிழக்கிந்தியத் தீவுகளில் விற்று, அங்கிருந்து வாசனைப் பொருள்களை வாங்குவதே அவர்கள் தொழில். மலாய் மக்கள் கட்டம்போட்ட சாரத்தை இன்றும் ‘பெலிக்காட்’ என்று வழங்குவது பழவேற்காட்டின் பெயராலேதான். வணிகர் மூலம் முன்பணம் கொடுத்துத் தறியைக் கட்டிப்போடும் வழக்கமும் அந்நாளில் இருந்தது. இன்று கோட்டை இடிந்து மண்மேடாயிற்று. டச்சுக்காரர் கல்லறைகள் நிற்கின்றன. பழவேற்காட்டுத் தறியோ பெயரளவில் மலாய் நாட்டில் வாழ்கிறது. முன்பணம் மட்டும் தறியை விட்டு வலைக்கு மாறிக்கொண்டது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

முதலில் அதிகாரம் யாருடையது என்பதைத் தெளிவு செய்துகொள்வோம். நமது அரசியலமைப்பின்படி நாட்டின் பாதுகாப்பும், தரை, கடல், வான் படைகளும், அவற்றுக்கான கட்டுமானங்களும் மத்திய சர்க்காருக்கு உரியவை. நிலமும், மீன்பிடித் தொழிலும், கூட்டுறவுச் சங்கங்களும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. கரையோர நீருக்கு அப்பாற்பட்ட மீன்பிடிப்பு மாத்திரம் மத்திய சர்க்காரைச் சேர்ந்தது. எனவே, ‘இங்கே தளம் வேண்டும்’ என்று தீர்மானிப்பது தில்லி. ‘இந்த சர்வே எண்களை எடுத்துக்கொள்க’ என்று கொடுப்பது சென்னை. படைத்தளங்களைப் பற்றிய மாநில சர்க்காரின் கொள்கை என்பது, நிலத்தைக் கொடுப்பதிலும், கொடுத்ததனால் பெயர்ந்தவர்களைக் கவனிப்பதிலும் அடங்கியிருக்கிறது. முன்னது விரைவாக நடைபெறுகிறது என்பதில் ஐயமில்லை.

தமிழ்நாட்டில் இத்தகைய தளங்கள் பல. திருநெல்வேலிச் சீமையில் ‘கட்டபொம்மன்’ என்ற கடற்படை நிலையம் 1990-இலும், அரக்கோணத்தில் ‘ராஜாளி’ விமானத் தளம் 1992-இலும், உச்சிப்புளியில் ‘பருந்து’ 2009-இலும் தொடங்கப்பெற்றன. தஞ்சாவூர் விமானப்படை நிலையம் 2013-இல் திறக்கப்பட்டது. சூலூரையும் தாம்பரத்தையும் யாவரும் அறிவர். பொன்னேரி செல்லும் வழியில் சோழவரத்திலும் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதை ஒன்று உண்டு. போர் முடிந்த பிறகு பல்லாண்டுகள் அதில் மோட்டார்ப் பந்தயம் நடந்தது. போருக்கென்று எடுத்த நிலம் போர் முடிந்ததும் உழவனிடம் திரும்புவதில்லை, பந்தயக்காரரிடம் போவதுண்டு!

இனி, லைட்ஹவுஸ் குப்பத்தாரின் நிலைமைக்கு வருவோம். ஸ்ரீஹரிகோட்டா இராணுவத் தளமன்று. விண்வெளி ஆராய்ச்சிக்கான ஏவுதளம். 1969-இல் இடம் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1971 அக்டோபர் 9 அன்று முதல் ரோகிணி ராக்கெட்டுகள் அங்கிருந்து சென்றன. அதனால் நாடு அடைந்த பெருமையில் நமக்கும் பங்குண்டு. ஆனால் கடலில் இறங்குகிறவனுக்கு ராக்கெட்டும் பீரங்கியும் ஒன்றே. ஏவும் நாளுக்கு முன்னரே, இன்ன தேதியில் கடலுக்குச் செல்லலாகாது என்று அறிவிப்பு வருகிறது. கடலோரக் காவல் படகுகள் சுற்றுகின்றன. வலைகள் கரையில் கிடக்கின்றன. ஏவுதல் தள்ளிவைக்கப்பட்டால் மற்றொரு நாளும் போகிறது.

தெற்கே காட்டுப்பள்ளிக் கப்பல் தளமோ மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் லார்சன் அண்ட் டூப்ரோ கம்பெனியும் சேர்ந்து உருவாக்கியது. நமது கடலோரக் காவற்படைக்கும் கடற்படைக்கும் அங்கே கலங்கள் கட்டப்படுகின்றன. 2022 ஆகஸ்டு 7 அன்று ‘சார்ல்ஸ் ட்ரூ’ என்னும் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் பழுதுபார்ப்பதற்காக அங்கு வந்து சேர்ந்தது. அமெரிக்கக் கடற்படைக் கப்பலொன்று இந்தியாவில் பழுதுபார்க்க வந்தது அதுவே முதன்முறை. மறு ஆண்டில் இதற்கென நீண்டகால உடன்படிக்கையும் கையெழுத்தாயிற்று. உலக அரசியலின் காற்று எங்கெங்கோ சுழன்று, கடைசியில் பழவேற்காட்டு முகத்துவாரத்திற்குச் சற்றுத் தெற்கே வந்து வீசுகிறது.

நாம் குப்பத்திற்குச் சென்றிருந்தபோது, வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் கேட்டார்: “ஐயா, நிலத்தை எடுத்தால் தாசில்தார் சங்கிலி போட்டு அளக்கிறார். கடலை எடுத்தால் எதைப் போட்டு அளப்பார்?”

சட்டம் பயின்றவர்களும் எளிதில் விடைகூற இயலாத கேள்வி இது. உழவனுக்குப் பட்டா உண்டு. அடங்கலில் பயிர் எழுதப்பட்டிருக்கும். நெசவாளிக்குத் தறி உண்டு. வீட்டுக்கு வரி ரசீது உண்டு. மீனவனுக்குக் கடலில் உள்ளது வழக்கமே. பழவேற்காட்டு ஏரியில் இறால் வலை கட்டும் இடங்களைப் ‘பாடு’ என்பர். இன்ன இடத்தில் இன்னார் வலை கட்டுவது என்று ஊரார் சீட்டுப்போட்டு முறைவைத்துக்கொள்வர். மிகச் செம்மையான ஏற்பாடு; நம் சங்கங்கள் பலவற்றின் துணைவிதிகளைக் காட்டிலும் ஒழுங்காக நடப்பது என்றே கூறுவோம். எல்லாக் குப்பத்தாருக்கும் அவ்வுரிமை ஒரே விதமாக இல்லை என்பதும், அதனால் பூசல்கள் எழுந்தன என்பதும் உண்மை. ஆயினும், ‘பாடு’ ரெவின்யூக் கணக்கில் இல்லை. போதாக்குறைக்குக் குப்பங்களில் வலை உலர்த்தும் மணல்வெளியும் படகு நிறுத்தும் இடமும் பெரும்பாலும் புறம்போக்கு. புறம்போக்கை எடுப்பதற்கு நில எடுப்புச் சட்டமே வேண்டியதில்லை. சர்க்காரின் ஒரு இலாகாவிலிருந்து மற்றோர் இலாகாவுக்கு ஓர் உத்தரவால் மாறிவிடும். நஷ்டஈடு பெறுவதற்கு அங்கே ‘உடையவன்’ ஒருவனும் இல்லை!

இருப்பினும், மீனவர் கையில் ஒன்றுமே இல்லை என்பதும் சரியன்று. 2014 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நில எடுப்புச் சட்டம் (2013-ஆம் ஆண்டினது), நிலமுடையவனை மட்டும் பாதிக்கப்பட்டவனாகக் கருதவில்லை. நிலம் எடுக்கப்படுவதற்கு முந்திய மூன்றாண்டுகளாகக் காட்டையோ நீர்நிலையையோ முதன்மையான பிழைப்பாகக் கொண்டிருந்த குடும்பங்களையும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்று அது வரையறுக்கிறது. மீனவர், படகோட்டிகள் என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 1894-ஆம் ஆண்டுப் பழைய சட்டத்தில் இவ்வரையறை கிடையாது. இது பெரிய மாறுதல். ஆனால் அதே சட்டத்தின் 40-ஆம் பிரிவு, நாட்டின் பாதுகாப்புக்கு அவசரமாக நிலம் வேண்டுமானால் சமுதாயப் பாதிப்பு ஆய்வை விலக்கிவிடவும் இடம் தருகிறது. அதற்கு ஈடாக 75 சதவீதம் கூடுதல் தொகை உண்டு. கூடுதல் தொகை பட்டாக்காரனுக்குப் பயன்படும். ஆய்வு இல்லாமற் போனால், பட்டா இல்லாத மீனவன் அங்கே இருந்தான் என்பதை எழுதிவைப்பவர் யார்?

பீரங்கிப் பயிற்சி பற்றியும் பழைய சட்டங்கள் உண்டு. தரையில் நடக்கும் பயிற்சிக்கு 1938-ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி இடத்தை அறிவிப்பது மாநில சர்க்கார். சேதத்தை நேரில் மதிப்பிடுவது ரெவின்யூ அதிகாரி. கடலை நோக்கிச் சுடும் பயிற்சிக்கு 1949-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனியே இருக்கிறது. பொருளுக்கு நேரும் சேதத்திற்கு மட்டுமன்றி, உரிமைக்கு நேரும் இடையூறுக்கும் நஷ்டஈடு உண்டு என்ற கருத்தை இச்சட்டங்கள் ஏற்றுக்கொண்டுள்ளன. ஒடிசாவில் சாந்திப்பூர் ஏவுகணைத் தளத்தில், சோதனை நாளன்று அருகிலுள்ள கிராமத்தாரை அப்புறப்படுத்தும்போது அவர்களுக்கு அன்றைய நாளுக்கென்று தொகை கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. ஆகவே, ‘மூடிய நாளுக்குக் கூலி’ என்பது நாட்டில் இல்லாத புதுமையன்று.

அதே ஒடிசாவில் பாலியாபால் என்னும் இடத்தில் 1980-களில் ஏவுகணைத் தளம் அமைக்க முற்பட்டபோது, வெற்றிலைக் கொடிக்காலும் தென்னையும் மீனும் நிறைந்த அக்கரையின் மக்கள் வழிகளை மறித்து நின்றனர். தளம் அங்கே வரவில்லை. ஜார்க்கண்டில் நேதர்ஹாட் பயிற்சிக் களத்திற்கான அறிவிக்கையை இனி நீட்டிப்பதில்லை என்று அம்மாநில சர்க்கார் 2022 ஆகஸ்டில் கூறிற்று. மாநில சர்க்கார் மனம் வைத்தால் செய்யத்தக்கது உண்டு என்பதற்கு இதைச் சொல்கிறோம். மறியலைப் பரிந்துரைப்பதற்கு அன்று. கூட்டுறவு இலாகா உத்தியோகஸ்தர் மறியலைப் பரிந்துரைப்பது முறையுமன்று.

நாம் பரிந்துரைப்பது ஏடு. ‘மூன்றாண்டுப் பிழைப்பு’ என்று சட்டம் கேட்கிறது. அதனை மீனவர் எவ்வாறு மெய்ப்பிப்பர்? மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தினர் பதிவேடு ஒரு சான்று; விற்பனைப் பதிவேடு அதனினும் வலிய சான்று. ஆனால் கடலோரச் சங்கங்களில் நாம் காண்பது என்ன? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் குடும்பத்திற்கு நிவாரணம் உண்டு. 5,000 ரூபாயாக இருந்த அது 8,000 ரூபாயாக உயர்த்தப்படும் என்று 2023-இல் அறிவிக்கப்பட்டது. சேமிப்பு நிவாரணத் திட்டமும் உண்டு. இவற்றுக்குச் சங்க அங்கத்தினராய் இருத்தல் வேண்டும். ஆகையால் அங்கத்தினர் பதிவேடு கொழுத்திருக்கிறது. விற்பனைப் பதிவேடோ வெறும் வரிகளாய்க் கிடக்கிறது! பிடித்த மீன் சங்கத்திற்கு வருவதில்லை. வலைக்கும் எஞ்சினுக்கும் முன்பணம் கொடுத்த வியாபாரியிடம் போகிறது. டச்சுக்காரர் காலத்து நெசவாளியின் கதைதான். நிவாரணம் வாங்குவதற்கு மட்டும் சங்கம், மீன் விற்பதற்கு வியாபாரி என்று இருக்கும்வரை, அம்மீனவர் மீன் பிடித்தார் என்பதற்கு வியாபாரியின் சிட்டையைத் தவிர வேறு எழுத்து இராது. அந்தச் சிட்டையை வியாபாரி காட்டமாட்டார்.

முழு விற்பனையும் சங்கத்தின் வழியே நடப்பது நாளை முடிகிற காரியமன்று. அதுவரையில் செய்யத்தக்கது ஒன்றுண்டு. கடல் மூடப்படும் ஒவ்வொரு நாளையும் எழுதுவதற்குத் தனி ஏடு வைக்கலாம். அறிவிப்பு வந்த தேதி, யாரிடமிருந்து வந்தது, எந்த நாள், எத்தனை மணி, கரையில் நின்ற படகுகள் எத்தனை, அவற்றின் பதிவு எண்கள், ஏவுதல் தள்ளிப்போயிற்றா, இவ்வளவும் எழுதி, நிர்வாகக் குழுவினர் இருவர் கையொப்பமிட்டு, மாதந்தோறும் மீன்வளத் துறை உதவி இயக்குநருக்கு ஒரு படி அனுப்பிவைக்க வேண்டும். அறிவிப்புத் தாளையே ஒட்டிவைத்தல் மிக நன்று. தபாலில் அனுப்பியதற்கு ரசீது வேண்டும், அதையும் ஒட்டுக. இரண்டாண்டுகள் கழிந்தால், ‘கடலை எதைப் போட்டு அளப்பார்?’ என்ற கேள்விக்குச் சங்கிலிக்குப் பதிலாக ஓர் ஏடு இருக்கும். தடைக்காலத்திற்கு நிவாரணக் கணக்கு உள்ளதுபோல் மூடிய நாள்களுக்கும் கணக்கு வேண்டும் என்பது எமது கருத்து. கணக்கு கேட்பவர் முதலில் நாள்களின் எண்ணிக்கையைச் சொல்ல வேண்டாமா?

மற்றொன்று. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி தயாரிக்கப்படும் வரைபடங்களில் மீனவர் குடியிருப்பு, மீன் உலர்த்தும் களம், பொதுவிடங்கள் யாவும் குறிக்கப்பட வேண்டும். தமது குப்பம் அதில் சரியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்த சங்கத் தலைவர்களை நாம் விரல்விட்டு எண்ணிவிடலாம். வரைபடத்தில் வெற்று மணலாக இருக்கும் இடத்தை, வெற்று மணலாகத்தானே கொடுப்பார்கள்?

இவ்வளவும் கடலைக் கொடுத்தவன் நிலைமை. கடலையும் எல்லையையும் காத்தவன் நிலைமை வேறு. அவனுக்கென்று சர்க்காரில் ஓர் அமைப்பே இருக்கிறது. மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம். 1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7-இல் கொடிநாள் வசூல். 1986-இல் தொடங்கிய டெக்ஸ்கோ என்னும் முன்னாள் படைவீரர் கழகம். மத்திய சர்க்காரின் ஓய்வூதியமும் 2003 முதல் மருத்துவத் திட்டமும். ‘ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம்’ 2015 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, 2014 ஜூலை 1 முதல் கணக்கிடப்பட்டது. ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ என்று 2024 சுதந்திர தினத்தில் மாநில சர்க்கார் அறிவித்த திட்டத்தில், முன்னாள் படைவீரர் தொழில் தொடங்க ஒரு கோடி ரூபாய் வரை வங்கிக் கடனும், அதில் 30 சதவீதம் மூலதன மானியமும், 3 சதவீத வட்டி மானியமும் சொல்லப்பட்டன. இவையாவும் முற்றிலும் நியாயமானவை. நாம் குறை கூறவில்லை. ஒரே சர்க்கார் ஒருவனுக்கு இவ்வளவு செவ்வையாகப் பட்டியலிட முடியுமானால், மற்றவனுக்கு ஒரு வரியாவது எழுதலாகாதா என்றே கேட்கிறோம்.

படைவீரனுக்கும் ஏடே துணை. நமக்குத் தெரிந்த நெசவாளர் சங்கமொன்றில் அங்கத்தினராயுள்ள ஓர் அம்மையார், படையில் ஹவில்தாராயிருந்து ஓய்வு பெற்றவரின் மனைவி. கணவர் காலமானபின் குடும்ப ஓய்வூதியம் ஓராண்டுக்கு மேல் வரவில்லை. காரணம், படை ஆவணத்தில் பிறந்த வீட்டுப் பெயர். ஆதாரில் புகுந்த வீட்டில் வழங்கிய பெயர். இரண்டும் ஒருவரே என்பதற்குச் சான்று கேட்டார்கள். சங்கத்தில் அவர் பங்கு எடுத்தபோது எழுதிக்கொடுத்த வாரிசு நியமனத் தாளில் இரு பெயர்களும், கணவரின் படை எண்ணும், அவர் கையொப்பமும் இருந்தன. அப்போதைய காரியதரிசி எல்லாவற்றையும் முழுமையாக எழுதும் பழக்கமுடையவர். அத்தாளின் நகலும் மற்ற ஆதாரங்களோடு சென்றது, ஓய்வூதியம் வந்தது. ஆகவே, முன்னாள் படைவீரராகவோ அவர்தம் மனைவியராகவோ உள்ள அங்கத்தினரின் படை எண்ணையும் ஓய்வூதிய ஆணை எண்ணையும் சங்கப் பதிவேட்டில் குறித்துவைப்பது நல்லது. கணவர் உயிருடன் உள்ளபோதே அந்த ஆணையில் மனைவியின் பெயர் சரியாயிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்வது அதைவிட நல்லது.

வீரருக்குக் கொடுப்பதிலும் எவரிடமிருந்து எடுத்துக் கொடுக்கிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்த தறுவாயில், அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபாரில், வயநாட்டுக் காட்டு நிலங்களில் முன்னாள் படைவீரரைக் குடியேற்றும் திட்டத்தை மாகாண சர்க்கார் மேற்கொண்டது. அக்குடியேற்றத்திற்கு உதவவே அம்பலவயலில் 1946-இல் விவசாய ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. வீரருக்கு நிலம் கிடைத்தது. அக்காடுகளை நம்பியிருந்த பழங்குடி மக்களுக்கு ஏட்டில் இடமில்லை. அவர்களுடைய வழித்தோன்றல்கள் நெடுங்காலமாக நிலம் கேட்டு வருகின்றனர்.

இறுதியாக, குப்பத்து இளைஞரைப் பற்றி. கடலோரப் பாதுகாப்புக் குழுமம், மீனவர் பிள்ளைகள் கடற்படையிலும் கடலோரக் காவற்படையிலும் சேர்வதற்குப் பயிற்சி அளித்து வருகிறது. நல்ல ஏற்பாடு, நீரை அறிந்தவன் நீரில் நிற்பான். ஆனால் 2022 ஜூன் 14 அன்று அறிவித்த ‘அக்னிபாத்’ முறையில், முப்படைகளிலும் கீழ்நிலைச் சேவைக்குச் சேர்பவர்களின் பணி நான்காண்டுகளே. அவர்களில் 25 சதவீதத்தினர் வரையே நிலைநிறுத்தப்படுவர். மற்றவர் ஏறத்தாழ 11 லட்சத்து 71 ஆயிரம் ரூபாய் சேவை நிதியுடன் திரும்புவர், ஓய்வூதியம் இல்லை, அறிவித்தபடி ‘முன்னாள் படைவீரர்’ என்ற தகுதியும் இல்லை. அப்படியானால், மேலே சொன்ன நல அலுவலகத்தின் கதவு அவர்களுக்குத் திறக்குமா என்பது மாநில சர்க்கார் தீர்மானிக்க வேண்டிய செய்தி. 2022 இறுதியில் சேர்ந்த முதல் அணியினருக்கு நான்காண்டுகள் நிறைவது 2026 இறுதியில். இருபத்தைந்து வயது நிரம்பாத இளைஞன் பதினோரு லட்சத்துடன் குப்பத்தில் இறங்கும் நாளில், அவனை முதலில் சந்திக்கப் போகிறவர் சீட்டுக் கம்பெனிக்காரரா, முன்பணக்கார வியாபாரியா, சங்கத்தின் காரியதரிசியா? அவனைப் போன்ற பத்துப் பேர் சேர்ந்து ஒரு பனிக்கட்டி நிலையமோ குளிர்சாதன வண்டியோ வைக்கச் சங்கத்தின் துணைவிதிகள் இடம் தருகின்றனவா என்பதை நிர்வாகக் குழுவினர் அடுத்த பொதுப்பேரவைக்கு முன் எடுத்துப் பார்த்து, இடம் தராவிடில் திருத்தத்திற்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பப் படிவம் துணைப்பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்கும்.